149-ஆ, திங்கள்கிழமை மனுவா, ஆர்.டி.ஓ. அலுவலகமா? சேலத்துப் பஸ் புகார்களுக்கு எது எடுபடும்

சேலத்தில் பஸ்ஸைத் திட்டாதவர் கிடையாது. நிறுத்தத்தில் கை காட்டியும் நிற்காமல் போவது, வாழப்பாடிக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுப் பைபாஸிலேயே இறக்கிவிடுவது, "சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னவர் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, கடைசி சிங்கிளை, அதாவது கடைசி ஒருவழி நடையை, சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடுவது என்று பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். புகார் கொடுக்கிறவர்தான் அரிது. கொடுக்கிறவர்களிலும் பலர் தவறான வாசலில் போய் நின்றுவிட்டு, "சொல்லி என்ன பயன்?" என்று திரும்பிவிடுகிறார்கள்.

அரசு பஸ்ஸைப் பற்றிய புகார் எந்த வாசல் வழியாக உள்ளே போனாலும் கடைசியில் இறங்குமிடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தப் பஸ் கிளம்புகிற கிளையின், அதாவது பணிமனையின், மேலாளர் மேசை. ஓட்டுநரையும் நடத்துநரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியவர் அவர். ஆகவே எது வேகமான வழி என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த மேசையில் இறங்கும்போது காகிதத்தின்மேல் யாருடைய முத்திரை இருக்கிறது, பதில் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் இருக்கிறதா என்பதுதான் வழிகளுக்கு இடையிலான உண்மையான வித்தியாசம்.

பஸ் யாருடையது?

இதைப் பார்க்காமல் தொடங்கும் புகார் பாதி வழியிலேயே நின்றுவிடும். சேலத்தில் ஒரே தடத்தில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. பதிவெண்ணில் மாவட்ட எண்ணை அடுத்து 'என்' எழுத்து இருந்தால் அது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டி. டி.என். 30 என் என்றால் நம் சேலம் கோட்டம். புதிய பேருந்து நிலையத்தில் நிற்பவையெல்லாம் சேலத்து வண்டிகள் அல்ல. 38 என் கோயம்புத்தூர்க் கோட்டம், 32 என் விழுப்புரம், 58 என் மதுரை. கோவை வண்டியைப் பற்றி ராமகிருஷ்ணா சாலைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினால், அங்கிருந்து அது கோவைக்குப் போய், கோவையிலிருந்து உரிய கிளைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் அந்த நடத்துநருக்கே நடந்தது மறந்துபோயிருக்கும்.

149-உம் நேரக் காப்பாளரும்

அந்தத் தொல்லை 149-இல் இல்லை. 2024-இல் வந்த இந்த மூன்றிலக்கப் புகார்த் தொலைபேசி எண் தமிழகத்தின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் பொது. எந்தக் கோட்டம், எந்தக் கிளை என்று நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை. நடத்துநர் மரியாதைக் குறைவாகப் பேசினார், மீதிச் சில்லறை தரவில்லை, நிறுத்தத்தில் நிற்கவில்லை என்பது போன்ற ஒற்றை நாள் சம்பவங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பலவீனம் ஒன்று உண்டு. நீங்கள் சொன்னதை எதிர்முனையில் இருப்பவர் எப்படிப் பதிவு செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. கோபத்தில் ஐந்து நிமிடம் கொட்டியது ஒரு வரியாகச் சுருங்கியிருக்கலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளாதவர் போன் செய்யாமலே இருந்திருக்கலாம்.

பேசுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியது டிக்கெட். நடத்துநரின் இயந்திரம் துப்பும் அந்தச் சின்னச் சீட்டைப் பலரும் வாங்கியதும் கசக்கிப் போட்டுவிடுகிறோம். பயணத்தின் தேதி, நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம் என்று விசாரணைக்கு வேண்டிய எல்லாமே அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன. சட்டைப் பையில் வியர்வை பட்டால் சில நாட்களிலேயே எழுத்து வெளிறிவிடும். அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கொடுக்கப்படும் கட்டணமில்லாச் சீட்டுக்கும் இதே மதிப்பு உண்டு. காசு கொடுக்காத சீட்டை வைத்துக்கொண்டு எப்படிப் புகார் சொல்வது என்று தயங்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயணத்துக்கான செலவை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. அது யாருடைய தருமமும் அல்ல.

ஆனால் இரவு ஒன்பதரை மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிக்காக நிற்கிறீர்கள், வண்டியைக் காணோம் என்றால் 149-ஐ அழைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, அந்த ஈரடுக்கு நிலையத்தில் நேரக் காப்பாளரைத் தேடிப் பிடிப்பது. வண்டி பிரேக் டவுனா, சிங்கிள் கட்டா என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். பணிமனைக்குப் போன் போட்டு ஸ்பேர் பஸ் கேட்கவோ, அடுத்துக் கிளம்பும் வண்டியைக் கொஞ்சம் சுற்றிப்போகச் சொல்லவோ அந்த நேரத்தில் அவரால்தான் முடியும். தனியாகப் போனால் "வரும் சார், உட்காருங்கள்" என்பார். அதே ஊருக்குப் போக வேண்டிய ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனால் போன் கைக்கு வரும். நடத்துநரின் நடத்தையைப் பற்றி மட்டும் அவரிடம் முறையிட வேண்டாம். நாளைக் காலை அதே நடத்துநரோடுதான் அவர் டீ குடிக்க வேண்டும்.

திங்கள்கிழமை மனுவும் 1100-உம்

ஒரு நாள் நடந்தது சம்பவம். தினமும் நடந்தால் அது ஏற்பாடு. பைபாஸ் விவகாரம் இரண்டாவது வகை. உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை ஆத்தூர், தலைவாசல் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. பத்து நிமிடம் மிச்சம் என்று ஓட்டுநர் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விட்டால், மூட்டை முடிச்சுகளோடு வரும் பெரியவர் விளக்கில்லாத சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடக்கிறார். இதை 149-இல் சொன்னால் அன்றைக்கு வந்த ஓட்டுநருக்கு அறிவுரை கிடைக்கலாம். அடுத்த நாள் ஓட்டுநர் வேறு, வண்டி வேறு, பைபாஸ் அதே பைபாஸ்.

இத்தகைய குறைகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டமே மேல் என்பது என் முடிவு. வாசலில் போலீசார் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ் என்று வாழ்வா சாவா பிரச்சினைகளோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே பஸ் நிற்கவில்லை என்ற மனுவோடு நிற்பது கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சம் வேண்டாம், அந்த வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேரும் அதே பஸ்ஸில் வந்தவர்கள்தான்.

போக்குவரத்துக் கழக ஊழியர் மேல் ஆட்சியர் நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் ஆட்சியர் அலுவலக எண்ணோடு போகும் மனுவுக்குப் பதில் எழுதாமல் கோப்பை மூட முடியாது. அரை நாள் கூலி போவதுதான் இதன் விலை. அதைக் கொடுக்க முடியாதவர்கள் அரசின் குறைதீர்ப்புத் தொலைபேசி எண்ணான 1100-ஐ அழைக்கலாம். 2016-இல் அம்மா அழைப்பு மையமாகத் தொடங்கிய எண் இது. ஆட்சிகள் மாறின, மையத்தின் பெயரும் மாறியது, எண் மட்டும் பிழைத்துக்கொண்டது. மனு எண் கிடைக்கும், நிலையை இணையத்தில் பார்க்கலாம். தனி ஆளுக்கு 1100 போதும். ஓர் ஊரே கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால் திங்கள்கிழமை நேரில் போவதுதான் சரி.

எந்த வழியானாலும் மனுவின் வாசகம் முக்கியம். "எங்கள் ஊருக்குப் பஸ் சரியாக வருவதில்லை" என்று எழுதினால் "மேற்படி தடத்தில் பேருந்து முறையாக இயக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வரும். ஒரு கிளையிலிருந்து எனக்கு வந்த பதிலும் இதுதான். யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வி எவ்வளவு பொத்தாம் பொதுவோ பதிலும் அவ்வளவு பொத்தாம் பொது. தடம் எண், பதிவெண், தேதி, காலை எட்டு மணி பத்து நிமிடம், நிறுத்தத்தின் பெயர், காத்திருந்த பள்ளி மாணவிகள், பஸ்ஸில் நிற்க இடம் இருந்தது, நிற்கவில்லை என்று எழுதிப் பாருங்கள். இப்படி மூன்று நான்கு தேதிகளைக் கொடுத்துவிட்டால் 'முறையாக' என்ற சொல்லைப் போட எழுத்தர் ஒரு கணமாவது யோசிப்பார். ஒரு மனுவில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். கழிப்பறை நாற்றம், பஸ் தாமதம், நிழற்குடை இல்லாதது மூன்றையும் சேர்த்து எழுதினால் மாநகராட்சி, கழகம், நெடுஞ்சாலைத் துறை என்று மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

அப்படியும் மழுப்பலான பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. இது புகார் கொடுக்கும் வழி அல்ல, கொடுத்த புகாருக்குப் பின்னால் நின்று தள்ளும் வழி. ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. சட்டம் விளக்கம் தரச் சொல்லவில்லை, ஆவணம் தரத்தான் சொல்கிறது. இன்ன தேதியில் இன்ன தடத்தின் டிரிப் ஷீட் (வண்டி ஓடிய நடைகளின் பதிவு) நகல், அந்தத் தடத்தின் அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணை, என் மனுவின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பு என்று கேட்க வேண்டும். அட்டவணையில் இருக்கும் சிங்கிள் டிரிப் ஷீட்டில் இல்லையென்றால் அதன்பிறகு நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை.

தனியார் பஸ் என்றால் கதையே வேறு

149-உம் பயனில்லை, கிளை மேலாளரும் இல்லை. முதலாளியிடம் சொல்லலாம், கலெக்‌ஷன் குறையாதவரை அவர் காதில் விழாது. அவர் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: பர்மிட். எந்த வழியாக, எந்த நேரத்தில், எங்கெங்கே நின்று போக வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் பர்மிட் கொடுக்கப்படுகிறது. ஊருக்குள் வராமல் பைபாஸில் போவது அரசு பஸ்ஸில் ஒழுங்கீனம் என்றால், தனியார் பஸ்ஸில் அது பர்மிட் மீறல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு, நிபந்தனையை மீறினால் பர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்துசெய்யவோ இடம் தருகிறது. முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதற்காகப் பல குரலில் அலறும் ஏர் ஹாரனுக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை இருக்கிறது.

ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு, எழுத்தில் போக வேண்டும். வீடியோ இருந்தால் நல்லது. பதிவெண்ணும் நேரமும் தெரியாத வீடியோ வெறும் சத்தம்தான். பர்மிட் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். அரசு பஸ் மனுவைக் கழகத்துக்கு அனுப்பிவைப்பவராக மட்டும் இருக்கும் ஆட்சியர், தனியார் பஸ் விஷயத்தில் தாமே அதிகாரம் உடையவர். இதனால் திங்கள்கிழமை மனு தனியார் பஸ்ஸுக்குத்தான் இன்னும் பொருத்தம் என்பேன். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தனியார் என்றால் அரசிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

நுகர்வோர் ஆணையத்தை இந்த வரிசையில் கடைசியில்தான் வைப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போடலாம். முன்பதிவு செய்த பஸ் வராமல் நேர்முகத் தேர்வு போய்விட்டது என்பது போன்ற நிஜ நஷ்டம் இருந்தால் போகலாம். இரண்டு ரூபாய்ச் சில்லறைக்குப் போனால் நீங்கள் ஜெயிக்கலாம். ஆனால் வாய்தாவுக்கு வந்துபோகிற பஸ் கட்டணமே அதைத் தாண்டிவிடும்.

சமூக ஊடகத்தில் அமைச்சரைக் குறிப்பிட்டுப் பதிவிடுவதைப் பலர் முதல் வழியாகவே பார்க்கிறார்கள். வீடியோ பரவினால் அன்று மாலையே ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் ஆவார். தண்டனை வேண்டுமானால் அது எடுபடும். பஸ் ஊருக்குள் வர வேண்டுமானால் எடுபடாது.

ரயில் பயணிகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். ரயில்வே உதவி எண்ணான 139-இல் சொன்னால், டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணை வைத்து எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்று தெரிந்துவிடுகிறது. ஈரோட்டில் சொன்ன குறையைக் கவனிக்கச் சேலம் ஜங்ஷனில் ஆள் நிற்க முடியும். ஓடும் நகரப் பஸ்ஸுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை.

மலைக்கு மேலே

ஏற்காட்டில் மேலே சொன்ன கணக்குகள் பாதி செல்லாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏரிக்கரைக்கு வந்து திரும்பும் பஸ்களுக்குக் குறைவில்லை. பிரச்சினை அதற்கப்பால், எஸ்டேட்டுகளையும் நாகலூர், வாழவந்தி போன்ற ஊர்களையும் நம்பி ஓடும் சிங்கிள்களில். அங்கே ஒரு சிங்கிள் கட் என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பது என்ற பேச்சே இல்லை. அன்றைய கூலியோ வகுப்போ போயிற்று. சீசனில் கூட்டம் சேலம் தடத்தில் குவியும்போது முதலில் வெட்டுப்படுவது தங்கள் வண்டிதான் என்பது அந்த ஊர்க்காரர்களின் நெடுநாள் மனக்குறை.

தனி மனிதரின் 149 அழைப்பு இங்கே எடுபடாது. ஒரு ஊர், ஒரு பஸ் என்றால் புகார் சொன்னவர் யார் என்று நடத்துநருக்கு மறுநாளே தெரிந்துவிடும், அதே பஸ்ஸில்தான் அவர் மறுபடியும் ஏற வேண்டும். பெயர் சொல்லிப் புகார் கொடுக்கத் தயங்குவது கோழைத்தனம் அல்ல. அதனால் மலையில் கிராம சபைதான் சரியான வாசல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபையில், காலை வண்டி இத்தனை மணிக்கு வேண்டும், மாலைச் சிங்கிளை வெட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டால் அதில் புகார்தாரர் என்று தனியாக ஒருவர் கிடையாது. அந்தத் தீர்மான நகலை ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் (வருவாய்த் துறையின் கணக்குத் தணிக்கைக் கூட்டம்) கொடுக்கலாம், திங்கள்கிழமை ஆட்சியரிடமும் கொடுக்கலாம்.

மண்சரிவு நேரத்தில் மட்டும் கழகத்தை விட்டுவிட வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு மலைப்பாதை சேதமடைந்து குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டி வந்தபோது, பஸ் ஏன் வரவில்லை என்று பணிமனையைக் கேட்டுப் பலன் இல்லை. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, போக்குவரத்தை எப்போது திறப்பது என்பது மாவட்ட நிர்வாகத்தின் முடிவு. குப்பனூர்ப் பாதையில் எந்த நேரத்துக்கு, எத்தனை வண்டி விடுவீர்கள் என்பதை மட்டும் கழகத்திடம் கேட்கலாம், எழுத்தில்.