நொதிய வளர்ச்சியூக்கி: கொடுத்த காசுக்குத் தகுமா?

கடந்த காலபோக விதைப்புக்கு முன்னர், கிளிநொச்சியில் ஒரு விவசாய மருந்துக் கடையில் ‘நொதிய வளர்ச்சியூக்கி’ என்ற அரை லீற்றர்ப் போத்தல்கள் இரண்டை, ஒன்று 1,850 ரூபாவாக வாங்கினேன். விதைநெல்லை அதில் 48 மணித்தியாலம் ஊறவைத்து, பின்னர் பயிருக்கும் விசிறினால் முளைதிறனும் பசுமையும் கூடும் என்று சுட்டியில் அச்சிட்டிருந்தது. நொதியம் என்பது உயிர்க்கலங்களில் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம்; எந்த நொதியம், எவ்வளவு செயற்றிறன் என்பது மட்டும் எங்கும் இல்லை.

முதலில் 100 நெல்மணிகளைக் கரைசலிலும் 100 மணிகளை வெறும் கிணற்றுத் தண்ணீரிலும் 24 மணித்தியாலம் ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் எண்ணியபோது கரைசலில் 91, தண்ணீரில் 93 முளைத்திருந்தன. நெல் தண்ணீரை உறிஞ்சியதும் முளையத்திலிருந்து வரும் கிபரெலின் என்ற ஓமோன், தவிட்டோடு ஒட்டிய அலூரோன் படையைத் தூண்டி அல்பா அமைலேசை ஆக்கச் செய்ய, அந்த நொதியம் மணிக்குள் இருக்கும் மாப்பொருளை வெல்லமாக உடைக்கிறது. முளைவிட்ட மணியை நகத்தால் நசுக்கினால் பால்போல வடியும், நாவில் வைத்தால் இலேசாக இனிக்கும்; இரண்டு சாக்கிலும் அப்படியே இருந்தது. நல்ல விதை தனக்கு வேண்டிய அமைலேசைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

48 மணித்தியாலம் என்ற ஆலோசனைதான் எனக்குப் பெரிய குறை. ஒரு பிடி நெல்லை அதன்படி தண்ணீர் மாற்றாமல் விட்டுப் பார்த்தேன். மூடியைத் திறந்ததும் புளித்த மணம். ஒட்சிசன் இல்லாத தண்ணீரிலும், கோதுமையைப் போலல்லாது, நெல் அமைலேசை ஆக்கவல்லது. ஆனால் சக்திக்கு நொதித்தலையே நம்பவேண்டியிருப்பதால் அற்ககோல் சேர்கிறது, முளைக்குருத்து மட்டும் நீள்கிறது, வேர் பின்தங்குகிறது. எங்கள் ஊரில் ஒரு நாள் ஊறவைத்துத் தண்ணீரை வடித்துச் சாக்கில் கட்டுவது வீண் வழக்கமல்ல.

இலையில் விசிறிய வயல் துண்டு ஒரு கிழமையில் கரும்பச்சையானது உண்மை. அதே கிழமை வயல் முழுவதும் யூரியா எறிந்திருந்தேன் என்பதையும், விசிறாத துண்டும் அவ்வாறே பச்சையானது என்பதையும் சொல்லவேண்டும். நொதியம் பெரிய மூலக்கூறு. மெழுகுப் படலம் மூடிய இலைக்குள் அது முழுதாக நுழைவது அரிது. உறிஞ்சிய நைதரசனை அமினோ அமிலமாக்கும் குளுட்டமீன் சிந்தெற்றேசு போன்ற நொதியங்களைப் பயிர் தன் கலங்களுக்குள்ளேயே ஆக்குகிறது.

கடைக்காரர் மரியாதையானவர், கேளாமலே பற்றுச்சீட்டுத் தந்தார். ஆனாலும் போத்தல்களை மத்தியான வெயில் நேராக விழும் தட்டில் அடுக்கியிருந்தார். உள்ளே நொதியம் இருந்திருந்தாலும் அது அங்கே அதிக நாள் தாக்குப்பிடித்திருக்காது. திறக்காத போத்தலை யூரியாக் கணக்கில் கழித்துக்கொண்டார். திறந்ததை ஏற்கவில்லை.