பூவா, கட்டமா? வண்ணக் கண்ணாடி விளக்குக் கூட்டுக்கு எது தோது

வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து இணைத்து விளக்குக் கூடு செய்ய இறங்கும் யாருக்கும் முதலில் வரும் குழப்பம் டிசைன்தான். அச்சின் மேல் துண்டுகளை அடுக்கி எடுத்த குவிமாடத்தில் பூவும் இலையுமாகப் போவதா, தட்டையான பேனல்களைச் சேர்த்துக் கட்டமும் முக்கோணமுமாகப் போவதா? இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் நான் கட்டத்தின் பக்கம். அதற்குப் பெரிய காரணம் ஒன்றே ஒன்று: உடைந்தால் சரிசெய்வது. மற்றதைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

அழகில் பூ முந்தும். விளக்கைப் போட்டதும் ஒரே இதழுக்குள் வெள்ளை கரைந்து ரோஜா நிறமாகும் அந்தக் காட்சியைக் கட்ட டிசைனால் தர முடியாது. நூறாண்டுக்கு முன் நியூயார்க்கின் டிஃபனி ஸ்டுடியோஸ் நிறுவனம் செய்த விஸ்டீரியா (கொத்தாகத் தொங்கும் ஒரு கொடிப் பூ) விளக்கில் ஏறக்குறைய 2,000 துண்டுகள். அதை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால் என்பதும், கண்ணாடி வெட்டிய பெண்கள் பிரிவை அவர்தான் நடத்தினார் என்பதும் அவருடைய கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்து, 2007 இல் ஒரு கண்காட்சி நடந்த பிறகே பலருக்குத் தெரிந்தது. அதே நிறுவனம் கட்ட டிசைன் கூடுகளையும் விற்றது. ஆகவே கட்டம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

கருவியும் பொருளும் இரண்டுக்கும் ஒன்றுதான். கண்ணாடியை வெட்டி, ஓரத்தைக் கிரைண்டரில் தேய்த்து, செம்பு ஃபாயில் (மெல்லிய ஒட்டுத் தகடு) சுற்றி, சால்டர் பிடிப்பதற்கான ஃப்ளக்ஸ் தடவி, 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) ஓட்ட வேண்டும். சால்டரில் ஈயம் இருப்பதால் வேலை மேசையில் சாப்பாடு, டீ கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புகை வெளியே போக வழி வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

செய்முறையில்தான் பாதை பிரிகிறது. குவிமாடத்துக்கு அச்சு வேண்டும். தட்டைக் கண்ணாடி வளையாது என்பதால், வளைவு கூடும் இடத்தில் துண்டுகள் சின்னதாக வேண்டும். இல்லையென்றால் மூலைகள் தூக்கிக்கொண்டு நிற்கும், இடைவெளியில் சால்டர் ஒழுகும். 60/40 சால்டர் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190க்குள் முழுக்க உருகிவிடும். சரிவான இடத்தில் அது அப்படியே கீழே ஓடும். அதனால் எந்த இணைப்பில் வேலை செய்கிறோமோ அது மட்டமாக இருக்கும்படி அச்சைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். வேலையில் பாதி இந்தத் திருப்பல்தான்.

கட்ட டிசைனில் ஒவ்வொரு பேனலையும் மேசை மேல் படுக்க வைத்தே இருபக்கமும் சால்டர் போட்டு முடிக்கலாம். ஆறு பேனல் முடிந்ததும் விசிறி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, இணைப்புகளின் மேல் டேப் ஒட்டி, மெதுவாகத் தூக்கினால் கூம்பாக எழுந்து நிற்கும். கடைசிப் பேனல் முதல் பேனலோடு ஒட்டும் இடத்தில் நூலளவு பிசகு இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். அதைப் பார்த்துத் திருத்திய பிறகு மேல் முனையில், கீழ் முனையில் ஒரு பொட்டு சால்டர் வைத்தால் போதும், கூடு தானாக நிற்கும். பிறகுதான் முழு இணைப்பு.

இப்போது பழுது. மின்விளக்கு மாற்றும்போது கை பட்டோ, துடைக்கும்போது சாய்ந்தோ, என்றாவது ஒரு துண்டு விரிசல் விடும். குவிமாடத்தில் அந்தத் துண்டை எடுக்க, கட்டரால் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தட்டிச் சில்லுகளாக உதிர்க்க வேண்டும். அப்புறம் சுற்றிலும் சால்டரைச் சூடாக்கி, பழைய ஃபாயிலைக் குறடால் இழுத்து எடுக்க வேண்டும். அப்போது பக்கத்துத் துண்டுக்குச் சூடு ஏறி அதுவும் வெடிக்கலாம். இதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான தலைவலி: அதே கண்ணாடி கிடைக்காது. பூ இதழுக்கு வாங்கும் ஓபலசன்ட் கண்ணாடியில் (பால் கலந்தது போல மங்கலாக ஒளி விடுவது) ஒரு கண்ணாடித் தாளின் வரியோட்டம் இன்னொன்றில் வராது. அதே எண் போட்ட கண்ணாடியே அடுத்த வார்ப்பில் சாயல் மாறி வரும். புது இதழ் பகலில் பொருந்தியது போல இருக்கும். விளக்கைப் போட்டதும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கட்ட டிசைனில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, உடைந்த பேனலின் இருபக்க இணைப்பையும் மேலும் கீழும் உள்ள சால்டரையும் இளக்கி, பேனலை மட்டும் கழற்றி மேசையில் படுக்க வைத்து வேலை பார்ப்பது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. நிறம் ஒத்துவரவில்லையா? ஆறு பேனலிலும் அதே இடத்துத் துண்டை மாற்றிவிடுங்கள். பார்ப்பவருக்கு அது பழுதாகவே தெரியாது, முதலிலேயே அப்படித்தான் வரைந்தது போலிருக்கும். ஒரே கோலம் ஆறு முறை திரும்பி வருவதால் கிடைக்கும் சௌகரியம் இது. ஒவ்வோர் இதழும் தனித்தனியாக இருக்கும் பூவில் இதற்கு இடமே கிடையாது.

துடைப்பதிலும் இதே கதைதான். ஃப்ளக்ஸைச் சரியாகக் கழுவாவிட்டால் இணைப்புகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்துவிடும். பெரிய துண்டுகளும் நேர்க்கோடுகளும் உள்ள பேனலை நன்றாகத் தேய்த்துக் கழுவலாம். நூற்றுக்கணக்கான இதழிடுக்குகளில் அது கஷ்டம். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதற்கும் வேண்டாம், கருப்பேற்றிய சால்டரின் நிறம் போய்விடும்.

கட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பேனலின் ஓரம் தொட்டு ஓரம் வரை ஒரே நேர்க்கோடாகப் போகும் இணைப்பு, கதவுக் கீல் போல மடங்கப் பார்க்கும். பூவில் கோடுகள் வளைந்து பின்னிக்கொள்வதால் அந்தப் பலவீனம் குறைவு. கட்டத்தில் கோடுகளைச் செங்கல் அடுக்கின் இணைப்பு போல மாற்றி மாற்றி வைக்கலாம், அல்லது நீளக் கோட்டுக்குள் மெல்லிய செம்புப் பட்டை சேர்க்கலாம். கீழ் விளிம்பில் பித்தளைக் கம்பி கட்டாயம். இன்னொன்று: தெளிவான கண்ணாடியாக எடுத்துவிட்டால் பல்பு அப்படியே கண்ணில் அடிக்கும். அங்கே ஓபலசன்ட்தான் சரி.

ஃபாயிலுக்குப் பதில் ஈயச் சட்டம் (துண்டுகளைச் செருகும் பள்ளமுள்ள ஈயப் பட்டை) வைத்துச் செய்வது பற்றி எனக்கு அனுபவம் குறைவு, கொஞ்சம்தான் தொட்டிருக்கிறேன். ஈயம் மெத்தென்றது, பெரிய கூட்டில் தன் பாரத்துக்கே தொய்யும். ஜன்னலில் அதன் சுற்றுச் சட்டகம் தாங்கிக்கொள்ளும், தொங்கும் கூட்டில் அப்படித் தாங்க ஒன்றுமில்லை. சிறிய, நேர்க்கோட்டுக் கூட்டுக்கு மட்டும் அதைத் துணிந்து சொல்வேன்.

பூதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் இப்படிச் செய்யலாம்: ஆறு தட்டைப் பேனல், ஒவ்வொன்றிலும் அதே பூ, சுற்றிலும் கட்டம். ஆறு பூவுக்கும் ஒரே கண்ணாடித் தாளிலிருந்து வெட்டுங்கள். மிச்சத் துண்டுகளை எண் எழுதி, வரைபடத்தோடு சுற்றி எடுத்து வையுங்கள். எந்த இதழ் உடைந்தாலும் முதலில் தேடப் போவது அந்தப் பொட்டலத்தைத்தான்.