சக்குலென்ட் இலை காம்போ வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

இலையிலிருந்தே சக்குலென்ட் (தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி) வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டு 1,019 ரூபாயைத் தொலைத்தேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், மூன்று மாதமாக எனக்குத்தான் கைராசி இல்லை என்று நம்ப வைத்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

போனில் வந்த விளம்பரம். ரோஜா மாதிரி அடுக்கடுக்காக எச்சிவேரியா, மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளாண்ட், இதய வடிவ ஹோயா, இன்னும் என்னென்னவோ. 20 வகை, 40 இலை, 899 ரூபாய், கூரியர் 120, மண்ணில் வைத்தாலே செடி என்று போட்டிருந்தார்கள். யாரோ தனிநபர் எண்ணுக்கு ஜீபே பண்ணச் சொன்னார்கள். பணம் அனுப்பும்வரை "சொல்லுங்கக்கா" என்று நொடிக்கு நொடி பதில், அனுப்பிய பிறகு பார்சல் வர 9 நாள்.

திறந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எச்சிவேரியா இலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்பகுதி கத்தரியால் நறுக்கியதுபோல நேராக இருந்தது. இலை தண்டோடு ஒட்டியிருக்கும் அந்த அடி நுனியிலிருந்துதான் புதுச் செடி கிளம்பும். அதனால் இலையைப் பிடித்து இடமும் வலமுமாக மெதுவாக அசைத்து முழுசாகக் கழற்ற வேண்டும், நுனி தண்டிலேயே தங்கிவிட்டால் அந்த இலையிலிருந்து செடியை எதிர்பார்க்க முடியாது. இது எனக்கு அப்போது தெரியாது. நிழலில் நான்கு நாள் காயவைத்து, ஆற்று மணலும் கொஞ்சம் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்த தட்டில் பரப்பி, தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத் தெளித்தேன். மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகப் பழுத்துக் கண்ணாடிபோலாகி அழுகின.

விற்றவரிடம் கேட்டால், "தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க, கைராசின்னு ஒண்ணு இருக்குல்லக்கா" என்றார். நானும் நம்பி மண்ணை மாற்றினேன், தட்டை மாற்றினேன், ஜன்னலை மாற்றினேன்.

ஸ்நேக் பிளாண்ட் துண்டுகள் மட்டும் பிழைத்தன. மூன்றாம் மாதம் குருத்து வந்தபோது அவ்வளவு சந்தோஷம், ஆனால் வந்தது முழுப் பச்சை, மஞ்சள் கரையே இல்லை. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அந்த ரகத்தை இலையை வெட்டி வைத்தால் கரை திரும்பாது, அடிக்கிழங்கோடு பிரித்து நட்டால்தான் வரும். மஞ்சள் கரை என்று சொல்லி அதன் இலைத் துண்டை விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? ஹோயாவும் அப்படித்தான். தண்டின் கணு இல்லாத ஒற்றை இலை வேர் விடும், வருஷக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடியாகாது.

40 இலையில் 10 'மிராக்கிள் லீஃப், அரிய வகை' என்று எழுதி வந்தது. அதில் மட்டும் இலையின் ஓரமெல்லாம் குட்டிக் குட்டியாக முளைத்தது. என் மாமியார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரணகள்ளிம்மா இது, எங்க ஊர்ல வேலியோரம் கெடக்கும்" என்றார். உண்மைதான், சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து முளைக்கிறதா என்று பார்த்த அதே இலை.

எதிர்வீட்டு அக்கா அவர்களுடைய கோஸ்ட் பிளாண்ட் என்கிற சக்குலென்டிலிருந்து அடியோடு கழற்றிய நாலு இலையைக் கொடுத்தார்கள். அதே தட்டு, அதே மணல், அதே கை. பதினாறாம் நாள் ரோஸ் நிறத்தில் நூல் மாதிரி வேர், ஐந்தாவது வாரம் பொட்டு அளவுக்கு ஒரு குட்டிச் செடி. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படங்களோடு விற்றவரைக் கேட்டேன். லைவ் பிளாண்டுக்கு ரீஃபண்ட் கிடையாது, பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கிறதா என்றார், அப்புறம் பிளாக் பண்ணிவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன், ஆனால் என் கையில் பில்லும் இல்லை, விற்றவர் முகவரியும் இல்லை, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். நீங்கள் வாங்குவதாக இருந்தால் பில் கேளுங்கள், இலையின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எந்த இலை எந்த ரகம் என்று எழுதி வாங்குங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். முடிந்தால் இலைக்குப் பதில் வேரோடு ஒரே ஒரு சின்னச் செடி பக்கத்து நர்சரியில் வாங்குங்கள், அதிலிருந்து நீங்களே எத்தனை இலை வேண்டுமானாலும் கழற்றலாம்.

அந்த விளம்பரம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, விலை 999 ஆகியிருக்கிறது. படம் அதேதான், இடது ஓரத்தில் உடைந்த நீல வாளி ஒன்று தெரியும். கண்ணில் பட்டால் பணம் போடாதீர்கள். என் கோஸ்ட் பிளாண்ட் இப்போது இரண்டு தொட்டி நிறைய இருக்கிறது, ஸ்ரீரங்கம் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் இலை கழற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.