பல்வலிக்குக் கிராம்பு: கஷாயமா, எண்ணெயா, மொட்டேதானா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரத்தில் இரவு பத்து மணிக்குமேல் பல்வலி வந்துவிட்டால், காலையில் கிளினிக் திறக்கும்வரை கைகொடுப்பது அடுப்படியில் இருக்கும் கிராம்புதான். லயத்து வீட்டில் வாழ்ந்த பாட்டி அதைக் கஷாயமாக வைப்பார். பேரப்பிள்ளைகள் மருந்துக்கடையில் எண்ணெய்ப் புட்டி வாங்கி வருகிறார்கள்.

கிராம்பு என்பது விரிவதற்கு முன்பே பறித்து உலர்த்திய பூமொட்டு. அதன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வாசனை எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால். நரம்பில் வலி பரவுவதற்கு வேண்டிய சோடியம் வாயில்களை அடைத்து, ஈறை மரத்துப்போகச் செய்வது இதுவே. ஆனால் யூஜெனால் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். கஷாயம் கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அது நமக்கு வேண்டிய சரக்கு ஆவியோடு போகிற மணம். சட்டியில் தங்குவதில் துவர்ப்பான டானின்களே மிகுதி என்பதால், கஷாயம் வாய் கொப்பளிக்க ஆகுமே தவிர வலியை அடக்கப் போதாது.

எண்ணெயின் வேகத்தில் ஐயமில்லை. 2006-இல் குவைத் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஊசி குத்தும் வலியைக் குறைப்பதில் கிராம்புக் களிம்பு, ஈறை மரக்கச் செய்யும் மருந்தான பென்சோகெயினுக்கு இணையாக நின்றது. சிக்கல் அளவில்தான். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் யூஜெனால் என்பது பன்னாட்டு உணவுச் சேர்க்கை வல்லுநர் குழு ஏற்ற உச்சவரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டால், மூன்று நான்கு சொட்டிலேயே அந்த வரம்பு வந்துவிடும். கலக்காத எண்ணெய் ஈறைப் புண்ணாக்கும்; குழந்தைகள் சில மில்லிலிட்டர் விழுங்கிக் கல்லீரல் பழுதுற்ற நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. வாங்கினால், சமையல் எண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது.

என் தேர்வு முழு மொட்டு. ஒரு மொட்டில் இருக்கும் எண்ணெய் பத்துப் பதினைந்து மில்லிகிராம் அளவே; வலிக்கும் பல்லருகே அடக்கி மெல்ல நசுக்கினால் அது சிறிது சிறிதாகவே இறங்கும் என்பதால் அளவு மீற வழி குறைவு. சொத்தையும் சீழும் இதனால் ஆறிவிடா. விடிந்ததும் பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடையில் எண்ணெய் எடுத்த சக்கையும் கிராம்பென்றே விலைபோவதுண்டு. ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: நல்ல மொட்டு மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து மிதக்கும், சக்கை படுத்தே கிடக்கும்.