சூப்பர் 3, பிக் 6: நூலக வகுப்பில் எது தேறியது, எது தேறவில்லை

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு சூப்பர் 3 தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நான்கு, ஐந்துக்கு பிக் 6. மூன்றாம் வகுப்பை இரண்டுமே நடுவழியில் இறக்கிவிட்டுவிடுகின்றன. தொடக்கப் பள்ளி நூலகத்தில் இந்த இரண்டு முறைகளையும் வகுப்பெடுத்துப் பார்த்தவள் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணம் வேண்டுபவர்கள் மேலே படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக: தகவலைத் தேடிப் பயன்படுத்தக் கற்றுத்தருவதற்காக மைக் ஐசன்பெர்க், பாப் பெர்கோவிட்ஸ் இருவரும் உருவாக்கியது பிக் 6. என்ன வேலை என்று தெளிவாக்குவது, எங்கெல்லாம் தேடலாம் என்று யோசிப்பது, தேடி எடுப்பது, படித்துப் பயன்படுத்துவது, தொகுப்பது, சரிபார்ப்பது என்று ஆறு படிகள். அதையே சின்னக் குழந்தைகளுக்காகச் சுருக்கித் திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்று மூன்றாக்கியது சூப்பர் 3. விரலை மடக்கி எண்ணிச் சொல்லும் அளவுக்குச் சின்னது. ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்றுக்கு மேல் எதுவும் நிற்காது, அதனால் இது நல்ல கணக்கு.

இரண்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது முதல் படிதான். வகுப்பாசிரியர் 'வௌவால் பற்றி எழுதிக் கொண்டு வா' என்று அனுப்பியிருப்பார். குழந்தையும் நேராக வந்து 'டீச்சர், வௌவால் புத்தகம்' என்று நிற்கும். முன்பெல்லாம் அலமாரியைக் காட்டுவதோடு என் வேலை முடிந்தது. இப்போது, 'வௌவாலைப் பற்றி உனக்கு என்ன தெரியணும்?' என்று கேட்காமல் விடுவதில்லை. முதலில் முழிப்பார்கள். அப்புறம், 'அது தலைகீழாத் தூங்குதே, கீழ விழாதா?' என்று ஒன்று வரும். அவ்வளவுதான், தேடல் தொடங்கிவிட்டது. கேள்வி வர மறுக்கும் குழந்தைகளுக்கு டோனா ஓகில் 1986இல் எழுதிய மூன்று பத்தி அட்டவணையைக் கொடுக்கிறேன்: தெரிந்தது, தெரிய வேண்டியது, தெரிந்துகொண்டது. சூப்பர் 3இன் திட்டமிடும் படியோடு அது அழகாகப் பொருந்திக்கொள்கிறது.

குறை இரண்டாம் படியில் இருக்கிறது. 'செய்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அலமாரியைக் கண்டுபிடிப்பது, புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது, பக்கத்தைப் பிடிப்பது, படிப்பது, புரிந்துகொள்வது, குறித்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. பிக் 6 அதைப் பிரித்துக் காட்டுகிறது, ஆனால் பிள்ளைக்கு ஏற்கெனவே சரளமாகப் படிக்க வரும் என்ற நினைப்பில் எழுதப்பட்டது போலத்தான் எனக்குப் படுகிறது. வாசிப்பே தடுமாறும் குழந்தையிடம் போய் 'தகவலைப் பயன்படுத்து' என்றால் என்ன செய்யும்?

சொல்லடைவையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அந்த இரண்டு பக்கம் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பெரிய உதவி! ஆனால் அதைப் பயன்படுத்த அகர வரிசை மண்டையில் ஏறியிருக்க வேண்டும். க, ங, ச என்று ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைதான், ஆனாலும் தக்காளி முன்னால் வருமா தகரம் முன்னால் வருமா என்றால் தகரம் என்கிறது. புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமே. ழ, ள, ற, ன நான்கும் வகரத்துக்குப் பின்னால் நிற்பதும், ஜ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் ஒதுங்கியிருப்பதும் அதேபோலத்தான். இதற்கெல்லாம் எந்தப் படியிலும் இடமில்லை. நான் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளையே வரிசையில் நிற்கச் சொல்கிறேன். ஒரே கூச்சலாக இருக்கும், நூலகத்தில் அமைதி வேண்டும் என்பவர்கள் அந்த வகுப்புக்கு எட்டிப் பார்க்காதீர்கள்.

அலமாரி விஷயத்தில் மட்டும் இந்த முறைகளுக்கு வெளியிலிருந்து நல்ல துணை கிடைத்தது. நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குவதற்காக மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பைப் பெரியவர்களே சலிப்பாகத்தான் பார்ப்பார்கள். விலங்குகள் பகுதியில் குழந்தைகளை அவிழ்த்து விட்டுப் பாருங்கள். திமிங்கலத்தைத் தேடுகிறவன் நேராக 597க்குப் போவான், மீன்கள் அங்கேதான். கிடைக்காது. வௌவாலைத் தேடுகிறவள் பறவைகள் இருக்கும் 598இல் துழாவுவாள். அங்கேயும் கிடைக்காது. இரண்டும் பாலூட்டிகளோடு 599இல் உட்கார்ந்திருக்கும், வௌவால் 599.4, திமிங்கலம் 599.5. சிலந்தியும் அப்படித்தான்: பூச்சிகளின் 595.7இல் இல்லை, 595.4இல் இருக்கிறது. 'ஏன் டீச்சர் இங்க வச்சிருக்காங்க?' என்று கேட்டுவிட்டால் எனக்கு அன்றைய 40 நிமிடமும் போதாது. அதற்கான பதிலும் புத்தகத்திலேயே இருக்கிறது, நான் வாய் திறப்பதில்லை.

புத்தகம் கைக்கு வந்த பிறகு வேறொரு சிக்கல். கதைப் புத்தகம் படித்துப் பழகியவர்கள் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசி வரை போகப் பார்க்கிறார்கள். பொருளடக்கத்திலிருந்து நடுப் பக்கத்துக்குத் தாவலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. படத்துக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை. அந்தத் தூங்கும் வௌவாலுக்கான விடை அந்தச் சின்ன எழுத்தில்தான் இருந்தது: உடம்பின் எடையே தசைநாணை இழுத்துக் கால் நகங்களை இறுக்கி வைக்கிறது, அதனால் பிடித்துத் தொங்க அது மெனக்கெட வேண்டியதில்லை, விடுவதற்குத்தான் முயற்சி வேண்டும். படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, பதில் இல்லை என்று புத்தகத்தை மூடியிருந்தாள் அந்தக் குழந்தை. விரலை வைத்துப் படி என்று திறந்து கொடுக்க வேண்டியிருந்தது.

குறிப்பெடுப்பது பற்றி இரு முறைகளும் சொல்வது போதாது. விட்டால் பத்தியை அப்படியே காப்பி அடித்து வைப்பார்கள், கமா உட்பட. என் வகுப்பில் ஒரே விதி: படி, புத்தகத்தை மூடு, நினைவிருக்கும் மூன்று சொல்லை எழுது. அந்த மூன்று சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லு. எழுதுவது அப்புறம். இந்த விதி இல்லாமல் பிக் 6இன் 'தொகுப்பது' என்ற ஐந்தாம் படிக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

கடைசிப் படியான சரிபார்ப்பு, சின்ன வகுப்புகளில் 'நல்லா இருந்துச்சு' என்பதோடு முடிந்துவிடும். அதையே 'உன் கேள்விக்குப் பதில் கிடைச்சுதா?' என்று மாற்றிக் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லை என்று வந்தால் திரும்பவும் அலமாரி. படிகளை வரிசை தப்பாமல் ஏற வேண்டும் என்று பிக் 6 கட்டாயப்படுத்துவதில்லை, முன்னும் பின்னும் போகலாம். சுவரில் வண்ணப் படம் ஒட்டி ஒன்று, இரண்டு என்று மிரட்டும் ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல ஆசை.

இணையத் தேடலுக்கு நான்காம், ஐந்தாம் வகுப்பில் பிக் 6 நன்றாகவே உதவுகிறது. எங்கெல்லாம் தேடலாம் என்று முதலில் தாளில் எழுத வைப்பதால், முதலில் வந்து விழும் முடிவை அப்படியே நம்புவது குறைகிறது. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் நாம்தான் கூடவே ஊட்ட வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு வருவோம். சூப்பர் 3 அவர்களுக்குப் பாப்பா விளையாட்டாகத் தெரிகிறது, ஆறு படி கொடுத்தால் மூன்றாவதிலேயே தொலைந்துவிடுகிறார்கள். நான் சூப்பர் 3ஐயே வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் 'செய்' என்பதை மட்டும் தேடு, படி, குறித்துக்கொள் என்று உடைத்துவிட்டேன். ஆக ஐந்து. ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிறது. இந்த ஐந்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகக்குறியாகவே கொடுத்துவிடுகிறேன். சிலர் தொலைப்பார்கள், புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.