‘150 பீஸ்’ தூண்டில் பெட்டி: ஃபுளோரிடா கீஸ் போகிறவர்கள் ஏமாறாதீர்கள்

அமெரிக்காவின் தெற்கு ஓரத் தீவுக் கூட்டமான ஃபுளோரிடா கீஸில் விடுமுறைக்கு வீடு எடுத்தால், பல வீடுகளுக்குப் பின்னாலேயே கால்வாயும் மரத்தாலான டாக்கும் (படகுத்துறை மேடை) இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டு போகலாமே என்று ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘டிராவல் கிட், 150 பீஸ், கடல் நீருக்கும் ஏற்றது’ என்கிற ரகம். கீஸில் உள்ள மாரத்தான் ஊரில் ஐந்து நாள் தங்குவதற்காக 65 டாலருக்கு வாங்கிய அப்படி ஒரு பெட்டி, இரண்டாம் நாள் சாயங்காலமே குப்பைத் தொட்டிக்குத்தான் லாயக்கு என்றானது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கடைப்பெயர் எழுதிப் பயனில்லை. இதே பெட்டி, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டும் மாறி, வெவ்வேறு பெயர்களில் விற்பனையில் இருக்கிறது. உள்ளே என்ன இருந்தது, எது எப்படிக் காலை வாரியது என்பதைத் தெரிந்துகொண்டால் பெயர் தேவைப்படாது.

முதலில் அந்த 150 என்ற கணக்கு. பொடி முள் 50. பட்டாணி அளவுகூட இல்லாத பிளவு ஈயம் 40. ரப்பர் புழு 24. கொக்கியோடு கூடிய ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) 20. ஆக 134 ஆகிவிட்டது. மிச்சம் 16-இல் ராடு (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பு சுற்றும் கருவி), நரம்புச் சுருள், பை, குறடு, கத்தரி, தகர ஸ்பூன் என்கிற பளபளப்பான பொய் இரை 4, பிளாஸ்டிக் மீன் 6. குளத்தில் கெண்டை பிடிக்க வேண்டிய சாமான்களை எண்ணிக்கைக்காக அடைத்துவிட்டு, மேலே ‘கடல்’ என்று எழுதிவிட்டார்கள். கால்வாயில் அலை இல்லாவிட்டாலும் ஏற்ற இறக்க நீரோட்டம் உண்டு. அரை கிராம் ஈயம் அடிக்கே போகாது. இரை பக்கத்து டாக் வரை மிதந்துகொண்டே போகும்.

பெரிய மோசடி நரம்பில்தான். சுருளில் ‘0.25 மி.மீ., 30 பவுண்டு’ என்று அச்சடித்திருந்தது. சாதா நைலான் நரம்பு அந்தப் பருமனில் 8 பவுண்டு பக்கம்தான் தாங்கும். 12 பவுண்டுக்கு 0.35, 15 பவுண்டுக்கு 0.38, 20 பவுண்டுக்கு 0.45 மி.மீ. என்பது ஏறக்குறைய எல்லா நல்ல நைலானுக்கும் பொருந்துகிற அளவு. நூல்நூலாகப் பின்னிய பிரெய்டாக இருந்தால் 0.25-க்கு 30 பவுண்டு சாத்தியம். கண்ணாடி போல ஒற்றை இழையாக இருந்தால் அது பொய். வீட்டிலேயே பார்த்துவிடலாம்: விமானப் பயணத்துக்கு வைத்திருக்கும் லக்கேஜ் தராசின் கொக்கியில் நரம்பை முடிந்து, மறுமுனையை ஒரு துண்டுக் கம்பில் பத்துச் சுற்று சுற்றி மெல்ல இழுக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அறுந்தால் சாட்டை மாதிரி வரும். இந்தப் பெட்டியின் நரம்பு 3.6 கிலோவில் அறுந்தது. 30 பவுண்டு என்றால் 13 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும்.

ராடு எட்டுக் கண்ணியாக உள்ளே மடங்குகிற டெலஸ்கோப் வகை. பெட்டியில் அடக்கமாக இருக்கும் என்பதற்காகவே இதை விற்கிறார்கள். கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று உராய்வில் மட்டும் நிற்பதால், உப்பு காய்ந்து ஏறியதும் சில விரியாது, சில மடங்காது. நரம்பு போகும் வளையங்கள் ஒவ்வொரு கண்ணியின் நுனியிலும் பசையில் ஒட்டப்பட்டவை. ஒன்று திரும்பினாலும் நரம்பு சுற்றிக்கொள்ளும். இதைவிட முக்கியமானது டாக்கின் உயரம். நீர்மட்டத்திலிருந்து நாலைந்து அடி மேலே நிற்கிறோம். முக்கால் கிலோ மீனை ராடாலேயே தூக்கினால் முழுப் பாரமும் பென்சில் முனை மாதிரி இருக்கும் கடைசிக் கண்ணியில் விழுகிறது. அது முறிந்தது அங்கேதான். ராடு எதுவானாலும் மீனை அதால் தூக்காமல், நரம்பைக் கையில் பிடித்து ஏற்றுங்கள். நீளக் கைப்பிடி வலை இருந்தால் இன்னும் நல்லது.

ரீலில் ‘13+1 பேரிங், 12 கிலோ டிராக்’ என்று எழுதியிருந்தது (டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்). காப்பில்லாத மலிவு பேரிங் 14 இருந்தால் துருப்பிடிக்க 14 இடம் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். முதல் நாள் இரவு கழுவி வைத்தும் மறுநாள் காலையில் நரம்பைச் சுருளில் சுற்றிவிடும் பெயில் கம்பி திரும்பவில்லை. பிரித்துப் பார்த்தால் அதன் ஸ்பிரிங் சாதாரண எஃகு. செம்மண் குழைத்து அப்பியது போல இருந்தது. நரம்பு உருண்டு போகவேண்டிய சின்ன ரோலர் உருளாமல் இறுகிவிட்டதால், நரம்பு அதன்மேல் உரசி உரசிப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. 12 கிலோ டிராக் என்பது வெறும் அலங்காரம். டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வைப்பது வழக்கம். 15 பவுண்டு நரம்புக்கு 2 கிலோ போதும். சீராக, வெட்டி வெட்டி இழுக்காமல் விடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே சட்டமும் சேர்கிறது. பெட்டியில் இருந்தவை பழுப்புப் பூச்சுப் பொடி முட்கள். கட்டைவிரலால் வளைத்தாலே நிமிர்ந்துவிட்டன. இதைப் பார்த்துப் பயந்து, உப்புக்குத் தாங்கட்டும் என்று ஸ்டெயின்லெஸ் முள் வாங்கினால் அதுவும் தவறு. ஃபுளோரிடாவில் ஸ்னாப்பர், குரூப்பர் போன்ற பாறை மீன்களை இறால், மீன்துண்டு மாதிரி இயற்கை இரை வைத்துப் பிடிக்க ஸ்டெயின்லெஸ் முள் கூடாது. மெக்ஸிகோ வளைகுடாப் பக்கம் வட்ட முள்ளும் (முனை உள்நோக்கி வளைந்தது) கட்டாயம். ஸ்டெயின்லெஸ் அல்லாத, தகர முலாம் பூசிய வட்ட முள் வைத்துக்கொண்டால் கீஸின் இரண்டு பக்கத்துக்கும் கவலையில்லை. அளவு 1/0, சிறு மீனுக்கு 1, ஒவ்வொன்றிலும் பத்து. வட்ட முள்ளில் மீன் கடித்தவுடன் சுண்டி இழுக்கக் கூடாது. ரீலை நிதானமாகச் சுற்றி நரம்பை இறுக்கினால் முள் தானே வாய் ஓரத்தில் மாட்டும். சுண்டினால் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். நம்மூர் முள்ளில் பழகியவர்களுக்குக் கை கேட்காது, முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும்.

சரி, என்னதான் எடுத்துப் போவது? மூன்று அல்லது நான்கு துண்டாகப் பிரிகிற, ஆறரை ஏழடி நீளமுள்ள மீடியம் ராடு ஒன்று, 10–20 பவுண்டு நரம்புக்கானது. 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். பேரிங் நாலே இருந்தாலும் பெயர் தெரிந்த கம்பெனியாக, உதிரி கிடைப்பதாக இருக்கட்டும். 15 பவுண்டு நைலான் நரம்பு. லீடருக்கு (முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பு) 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் ஒரு சிறு சுருள். முட்டை வடிவ, நடுவில் துளையுள்ள ஈயக்குண்டு கால், அரை, ஒரு அவுன்ஸில் ஆறாறு. கொக்கியில்லாத சாதா ஸ்விவல் பத்து. அந்தக் கொக்கி வைத்தவை பாரம் வந்தால் வாயைத் திறந்துவிடும். கால் அவுன்ஸ் வெள்ளை பக்டெயில் ஜிக் (ஈயத் தலையும் மயிர் வாலும் உள்ள பொய் இரை) ஒன்று. நல்ல குறடு, ஒரு பழைய துண்டு. ராடையும் ரீலையும் தவிர்த்தால் மற்றதெல்லாம் ஒரு டிபன் டப்பாவில் அடங்கும். ரப்பர் புழுக்களைப் பிளாஸ்டிக் மீன்களோடு ஒரே அறையில் போடாதீர்கள்; வெயிலில் இரண்டும் உருகி ஒட்டிப் பிசினாகிவிடும். அந்தப் பெட்டியில் ஒரே அறையில்தான் இருந்தன. விமானத்தில் முள், குறடு எல்லாவற்றையும் உறையிட்டு செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

கட்டுவதற்கு யூனி முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும்: நரம்பு நுனியை முள்ளின் அல்லது ஸ்விவலின் வளையத்தில் நுழைத்து ஒரு சாண் மடக்கி, ஒரு கண்ணி போட்டு, அந்தக் கண்ணிக்குள் ஐந்து சுற்று, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்கம். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் அங்கேயே பலம் இழக்கும். வழக்கமான கட்டு: நரம்பில் குண்டை ஓடவிட்டு, ஸ்விவல், பிறகு ஒன்றரை இரண்டடி லீடர், முள். ஆனால் டாக் தூண்களின் நிழலில்தான் மாங்குரோவ் ஸ்னாப்பர் ஒண்டியிருக்கும் (நம்ம சங்கராவுக்குச் சொந்தம், பெயருக்கேற்ப விரலைக் கடிக்கும், ஜாக்கிரதை). அங்கே குண்டை லீடரிலேயே, முள்ளின் தலையில் முட்டுகிற மாதிரி ஓடவிடுவது நல்லது. முள் எங்காவது சிக்கினால் நரம்பைத் தளர்த்தி லேசாக ஆட்டினால் போதும், குண்டு இடித்து விடுவித்துவிடும்.

இரையிலும் ஒரு ஏமாற்று உண்டு. உறைந்த இறால் பாக்கெட்டில் தலை கறுத்து, கரைந்த நீர் மறுபடி உறைந்து பனிக்கட்டியாக அடியில் கிடந்தால், அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது, முள்ளில் நிற்காது. அதற்கு மளிகைக்கடை பச்சை இறாலே மேல். முழு இறாலை மாட்டினால் சின்ன மீன்கள் கொத்திக் கொத்தித் தின்றுவிடும். ஓடு நீக்கி, விரல்கணு அளவு துண்டு போதும்.

லைசென்ஸ் விஷயத்திலும் பை கிழியலாம். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் எல்லோருக்கும் கடல் லைசென்ஸ் 3 நாளுக்கு 17 டாலர், 7 நாளுக்கு 30, ஓராண்டுக்கு 47. ஆன்லைனில் சிறு கட்டணம் கூடும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டாம். வாடகை வீட்டின் சொந்த டாக்தானே என்று விட்டுவிடாதீர்கள், அங்கேயும் வேண்டும். கரையிலிருந்து பிடிப்பவருக்கான இலவச லைசென்ஸ் ஃபுளோரிடாவாசிகளுக்கு மட்டும்தான். தேடலில் மேலே விளம்பரமாக வரும் ‘உதவித் தளங்கள்’ இதையே கூடுதல் விலைக்கு விற்கும், சில வெறும் வழிகாட்டிக் குறிப்பை மட்டும் அனுப்பிவிட்டுக் காசு வாங்கும். மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போங்கள். மாங்குரோவ் ஸ்னாப்பருக்கு 10 அங்குலக் குறைந்தபட்ச நீளம், ஆளுக்கு நாளைக்கு ஐந்து என்ற அளவையும் அங்கேயே கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

கழுவும் முறை தெரியாமல் நல்ல ரீலையும் கெடுப்பவர்கள் உண்டு. முதலில் டிராக்கை இறுக்கி மூடுங்கள், அப்போதுதான் தண்ணீர் உள்ளே இறங்காது. நல்ல தண்ணீரைப் பூவாளி மாதிரி மெல்லத் தெளிக்க வேண்டும். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். வாளியில் முக்கவே கூடாது. துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர்த்தி, ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய்.

விற்றவர் சொன்ன பதிலுக்கு வருவோம். பெட்டியின் மேல் ‘கடல் நீருக்கு ஏற்றது’. உள்ளே மடித்து வைத்த துண்டுத்தாளில் பொடி எழுத்தில் ‘உப்பு அரிப்புக்கு உத்தரவாதம் இல்லை’. அதைக் காட்டித்தான் மறுத்தார். ஆகவே ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பயணத்துக்கு முன்பே, திருப்பும் கெடு முடிவதற்குள், அந்தத் தாளைத் தேடிப் படியுங்கள். துருவைக் காட்டிப் புகார் செய்தால் ‘பயன்படுத்தியதால் வந்த தேய்மானம்’ என்பார்கள். நரம்பைக் காட்டுங்கள்: சுருளின் மேல் உள்ள 30 பவுண்டு அச்சும், தராசில் 3.6 கிலோவில் அறுந்த எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி. அது தேய்மானம் அல்ல, பொய் லேபிள். விற்றவர் அசையாவிட்டால், வாங்கிய பக்கத்தின் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்தப் படத்தோடு சேர்த்துக் கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பலாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். புகார் போனதும் அந்தப் பக்கத்தில் ‘30 பவுண்டு’ என்ற வரி காணாமல் போயிருந்தது.