யார்க் ரயில்வே அருங்காட்சியகம்: எஞ்சின்களின் நிறம் பார்க்க ஒரு நாள்

இங்கிலாந்தின் யார்க் நகரில், பழைய எஞ்சின் கொட்டகை ஒன்றில் 1975ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் பெரும்பாலோர் எஞ்சின்களின் வேகத்தையும் பிரம்மாண்டத்தையும் வியக்கவே செல்கிறார்கள். நான் அவற்றின் வண்ணப்பூச்சைப் பார்ப்பதற்காகவே ஒரு முழு நாளை ஒதுக்கினேன். நுழைவுக் கட்டணம் வாங்காத ஓரிடம் இவ்வளவு நிறைவைத் தரும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, 1882இல் பிரைட்டன் பணிமனையில் உருவான கிளாட்ஸ்டன். அதை வடிவமைத்த வில்லியம் ஸ்ட்ரவுட்லி தம் எஞ்சின்களுக்குப் பூசிய நிறத்தின் பெயர் 'மேம்படுத்தப்பட்ட எஞ்சின் பச்சை'. கண்ணெதிரே நிற்பதோ பழுத்த மாம்பழத் தோலின் மஞ்சள். அவருக்கு நிறக்குருடு இருந்திருக்குமோ என்ற பேச்சு ரயில் ஆர்வலர்களிடையே இன்றும் ஓய்ந்தபாடில்லை. நெருங்கிச் சென்றால், மஞ்சள் பரப்பைச் சுற்றிப் புடவைக்குக் கரை பிடித்தாற்போல் ஆலிவ் பச்சை ஓடுவதையும், அதன் ஓரத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளைக் கோடுகள் இழை பிசகாமல் செல்வதையும் காணலாம். ஓட்டுநரின் பெயரை எஞ்சின் அறைக்குள் எழுதிவைக்கும் வழக்கமும் ஸ்ட்ரவுட்லிக்கு இருந்தது. தன் பெயர் தாங்கிய எஞ்சினில் ஒரு தூசு படிய எந்த ஓட்டுநர் விட்டிருப்பார்!

சவுத் ஈஸ்டர்ன் அண்ட் சாத்தம் ரயில்வே நிறுவனத்தின் 1901ஆம் ஆண்டு 737ஆம் எண் எஞ்சின், பச்சை உடலும் பளபளக்கும் பித்தளைக் குவிமாடமும் செம்பு விளிம்பிட்ட புகைபோக்கியுமாக, மணக்கோலத்தில் நிற்கிறது. தனியார் ரயில் நிறுவனங்கள் தத்தம் நிறத்தால் அடையாளம் தேடிக்கொண்ட காலம் அது. இதே நிறுவனம் முதல் உலகப் போரின்போது எளிய சாம்பல் நிறத்துக்கு இறங்கிவந்தது. 1923இல் பெரும்பாலான நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்டபோது பல நிறங்கள் ஒரேயடியாக மறைந்தன.

ஸ்காட்லாந்து தடங்களில் போட்டி முற்றிய 1930களில் நிறமே விளம்பரமானது. அந்தப் போட்டியின் இரு தரப்பையும் இங்கே காணலாம்: சிவப்புச் சக்கரங்களோடு நீல நிறத்தில் மல்லார்ட், பொன்வரிகளோடு கருஞ்சிவப்பில் டச்சஸ் ஆஃப் ஹாமில்டன். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிய மல்லார்டுக்குப் போர்க்காலத்தில் கறுப்புப் பூசப்பட்டது. 1963இல் ஓய்வுபெற்றபோது அது பச்சை நிறத்தில் இருந்தது. நாம் காணும் நீலம், சாதனை படைத்த நாளின் தோற்றத்தை மீட்டுத் தந்தது. ஓர் எஞ்சின் ஒரு காலத்தின் உடையைத்தான் அணிய முடியும் என்பதால், மற்ற உடைகளை மனத்தில் உடுத்திப் பார்ப்பது நம் வேலை.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஈவினிங் ஸ்டார். பிரிட்டிஷ் ரயில்வே தனக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சின் இது. 1960இல் ஸ்விண்டனில் உருவானது. சரக்கு இழுப்பதற்கென்றே கட்டப்பட்ட இந்த 251 எஞ்சின் வகையில் மற்றவை எல்லாம் வெறும் கறுப்பு. இதற்கு மட்டும் பயணிகள் எஞ்சினுக்குரிய பச்சையும் கோடுகளும் செம்பு விளிம்பும் தந்து வழியனுப்பியிருக்கிறார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1965இல், அதைப் பணியிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பதை எண்ணும்போது அந்தப் பச்சை நெஞ்சை அடைக்கிறது.

எஞ்சின்களை அவ்வப்போது ஷில்டன் கிளைக்கு மாற்றுவதுண்டு, விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். கிளாட்ஸ்டனில் தொடங்கி ஈவினிங் ஸ்டாரில் முடியுங்கள்.